14,500 ரூபாய்ப் பேக்கேஜில் என்ன இருந்தது? அழகு நிலையப் பதிவுச் சேவை ஒன்றின் மதிப்பீடு

எட்டு ஆண்டுகள் பிறருடைய பார்லர்களில் த்ரெடிங் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்ற பிறகு, சென்ற ஆண்டு இறுதியில் சொந்தமாக ஓர் அழகு நிலையம் தொடங்க முடிவு செய்தேன். இரண்டு நாற்காலிகள், ஒரு பேஷியல் கட்டில், தலை அலசுவதற்கு ஒரு தொட்டி, என்னையும் சேர்த்து மூன்று பெண்கள், கடை அவ்வளவுதான். பதிவுகளையும் உரிமங்களையும் வாங்கித் தருவதற்காக எங்கள் ஊரில் உள்ள கன்சல்டன்சி அலுவலகம் ஒன்றுக்கு 14,500 ரூபாய் கொடுத்தேன். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏறத்தாழ இதே பேக்கேஜைப் பல ஊர்களில் பலர் விற்கிறார்கள் என்பதால், பெயரைக் காட்டிலும் பேக்கேஜுக்குள் என்ன இருந்தது, எதற்குப் பணம் தகும், எதற்குத் தகாது என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

முதல் சந்திப்பில் லேமினேட் செய்த ஒரு தாளை என் முன் வைத்தார்கள். அதில் உத்யம் பதிவு, ஜிஎஸ்டி, கடைகள் சட்டப் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம், எஃப்எஸ்எஸ்ஏஐ, ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ், டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) விண்ணப்பம் என ஏழு வரிகள் இருந்தன. எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவுத் தொழிலுக்கான உரிமமாயிற்றே, பார்லருக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "கஸ்டமருக்குக் காபி கொடுப்பீங்கல்ல மேடம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் ஓடிவிட்டிருந்த பதற்றத்தில் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

உத்யம் பதிவை எடுத்துக்கொள்வோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான இந்தப் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. ஆதார், பான் எண்கள், வங்கிக் கணக்கு விவரம், ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகியவை போதும். முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில் என்பது 2025 ஏப்ரல் முதலான வரையறை என்பதால், எங்களைப் போன்ற கடைகளுக்கு அந்த வகைப்பாட்டில் ஐயத்துக்கே இடமில்லை. அலுவலகத்தில் இருந்த இளைஞர் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். பேக்கேஜில் இந்த வரிக்கு மட்டும் 2,000 ரூபாய் கணக்கிட்டிருந்தார்கள்.

பணம் போனது பெரிதில்லை. சான்றிதழை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோது, தொழில் வகை என்ற இடத்தில் அழகுசாதனப் பொருள்களின் சில்லறை விற்பனை என்று இருந்தது. சிகை அலங்காரம், அழகுப் பராமரிப்பு ஆகிய சேவைகளுக்குத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 96020 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. வியாபாரியாகப் பதிவு செய்தவர்களுக்கு, 2021 ஜூலையில் வந்த ஆணையின்படி, முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகை மட்டுமே உண்டு; சேவைத் தொழிலாகப் பதிவு செய்தவர்களுக்கு மற்றச் சலுகைகளும் உண்டு. ஒரு குறியீடு மாறியதில் நான் பார்லர்காரியிலிருந்து பவுடர் வியாபாரியாகிவிட்டேன். திருத்தமும் இலவசம்தான். அன்றிரவே கைபேசியில் ஓடிபி வாங்கி நானே மாற்றிக்கொண்டேன்.

இந்தச் சேவையில் எனக்குப் பெருந்தொல்லை கொடுத்தது ஜிஎஸ்டி. சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமாகிறது. என் கடைக்கு மாதம் அறுபது, எழுபதாயிரம் வந்தாலே பெரிது. கல்யாண சீசன் வருமானத்தைக் கூட்டினாலும் ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தைத் தாண்டாது. இதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்க ஜிஎஸ்டி எண் இல்லாமல் முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். அதை நம்பிப் பதிவு செய்துகொண்டேன். அவர்கள் சொன்னது உண்மையில்லை. உத்யம் சான்றிதழையும் தொழில் உரிமத்தையும் கொண்டுபோய்ப் பின்னர் நான் நடப்புக் கணக்கைத் தொடங்கினேன்.

தானாக விரும்பிப் பதிவு செய்துகொண்டாலும், எண் கிடைத்த நாளிலிருந்து 20 லட்சம் என்ற வரம்பு நமக்குக் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே வரி வாங்கிக் கட்ட வேண்டும். பார்லர் சேவைகளுக்கு 18 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் அந்த 5 சதவீதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. கிரீம், நாற்காலி, டிரையர் முதலியவற்றை வாங்கும்போது நாம் கட்டிய வரியை இப்போது கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பதிவு செய்வதால் முதலீட்டுச் செலவிலாவது ஏதேனும் மிச்சப்படும் என்ற பழைய கணக்கும் சிறு பார்லருக்குப் பொருந்தாமல் போய்விட்டது. ஐம்பது ரூபாய்க்குப் புருவம் திருத்திக்கொள்ள வரும் பக்கத்துத் தெருப் பெண்ணிடம், இரண்டு ரூபாய் ஐம்பது காசு வரி என்று சொல்லிச் சில்லறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் மாதம் முழுவதும் அதை நானே என் கையிலிருந்து போட்டேன்.

விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் எனப்படும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் வரி ஏதும் இல்லாத ரிட்டர்னுக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். இதை அந்த அலுவலகம் பதிவுக்கு முன் சொல்லவில்லை. பதிவு முடிந்த பிறகு, ரிட்டர்ன் தாக்கலுக்கு மாதம் 750 ரூபாய் என்று இன்னொரு லேமினேட் தாளை எடுத்து நீட்டினார்கள். பேக்கேஜில் ஜிஎஸ்டி ஏன் கட்டாயமாக இடம்பெற்றது என்பது அப்போதுதான் விளங்கியது. கடைசியில் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் மூலம் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தேன். ரத்தான பிறகும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை, இதே குழியில் விழுந்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகள் சட்டப் பதிவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூலை 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படியான பதிவுக் கடமை, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கானது. மூன்று பேர் இருக்கும் கடைக்கு அந்தப் பதிவுக்கென்று 1,500 ரூபாய் வாங்கியதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. அதே சட்டத்தின் கீழ் எல்லோரும் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை. ஒன்று, 2021-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி வேலை செய்யும் எல்லோரும் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும். எட்டு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவள் என்பதால், சட்டம் சொல்லாவிட்டாலும் முதலில் வாங்கியிருக்கக்கூடிய பொருள் அந்த மூன்று ஸ்டூல்கள்தான்.

மற்றொன்று பெயர்ப் பலகை. பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவில் இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் ஊரில் பார்லர் பலகை என்றால், கருஞ்சிவப்புப் பின்னணியில் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் நிழலுருவமும், சுழித்து எழுதிய ஆங்கில எழுத்துகளும், ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போலத் தமிழும் இருப்பதுதான் வழக்கம். அலுவலகத்தார் சிபாரிசு செய்த பலகைக்காரர் அப்படித்தான் செய்து கொண்டுவந்தார். அதை மாட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் போனேன். அவர் இஞ்ச் டேப்பை எடுத்துத் தமிழ் வரிக்கு ஒன்றரை அடி, ஆங்கில வரிக்கு பதினோரு அங்குலம் என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

இனி தொழில் உரிமத்துக்கு வருகிறேன். ஏழு வரிகளில் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதும், மற்றொருவர் உதவி தேவைப்பட்டதும் இது ஒன்றுக்குத்தான். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறைக்கு வந்த பிறகு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அனைத்துக்கும் ஒரே சட்டம்தான். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். கட்டணம் ஊருக்கு ஊர், கடையின் பரப்புக்கு ஏற்ப மாறும். நான் கட்டிய உரிமக் கட்டணத்தைவிட அலைந்ததற்கு ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

அலைச்சலுக்கு முதல் காரணம் கதவு எண். சொத்து வரி ரசீதில் பழைய எண் இருந்தது; மின் கட்டண அட்டையில் புதிய எண் இருந்தது; கன்சல்டன்சிக்காரர்கள் தட்டச்சு செய்த வாடகை ஒப்பந்தத்தில் இரண்டுமே இல்லாமல், 'மாடி வீட்டின் முன்பகுதி' என்று மட்டும் இருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் "பழைய எண் இன்னது, புதிய எண் இன்னது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கலுக்கு மூன்று வாரம் போயிற்று. வாடகை பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினால் போதும் என்ற பழைய பழக்கத்திலேயே அந்த அலுவலகம் இருந்தது.

இரண்டாவது காரணம், நான் எடுத்தது ஒரு வீட்டின் முன்பகுதி. சொத்து வரியில் அது குடியிருப்பு. கடை நடத்த வேண்டுமானால் அந்தப் பகுதியை வணிகப் பயன்பாடு என்று மாற்றி வரி விதிக்க வேண்டும். மின் இணைப்பையும் வீட்டுக் கணக்கிலிருந்து பிரித்து வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். வீட்டு இணைப்புக்கு உள்ள 100 யூனிட் இலவசம் வணிக இணைப்புக்குக் கிடையாது. யூனிட் விலையும் கூடுதல். வீட்டு இணைப்பிலேயே ஹேர் டிரையரையும் ஸ்டீமரையும் ஓட்டி மாட்டிக்கொண்டவர்கள் அபராதம் கட்டிய கதைகள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. இதற்கெல்லாம் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கார ஆச்சி நல்லவர்தான். ஆனாலும், "வரி ஏறுச்சுன்னா நீ காலி பண்ணிப் போன பிறகும் நான்தானம்மா கட்டணும்" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கூடுதல் வரியை நான் கட்டுவதாகவும், காலி செய்யும்போது மறுபடி குடியிருப்பாக மாற்றும் செலவையும் நானே ஏற்பதாகவும் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்திட்டார். இந்தப் பேச்சை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு பேசியிருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி, கண்ணாடி பதித்து, நாற்காலி இறக்கிவிட்டுப் பேசினால் நம் பக்கம் பலம் இருக்காது. பேக்கேஜ் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் லேமினேட் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

மூன்றாவது காரணத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கடைக்கு நான் வைத்திருந்த எளிய பெயரோடு, கவர்ச்சிக்காக 'பியூட்டி ஸ்பா அண்ட் ஸ்கின் கிளினிக்' என்று அவர்களாகவே விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஸ்பா என்ற சொல்லைக் கண்டதும் மசாஜ் உண்டா, ஆண்களும் வருவார்களா, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தாயிற்றா என்ற கேள்விகள் வந்தன. ஸ்பா தொழிலைச் சுற்றி நீதிமன்றத்திலேயே எவ்வளவோ நடந்திருக்கிறது; உள்ளே கேமரா பொருத்துவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லும் அளவுக்குப் போன விவகாரம் அது. பேஷியல் செய்கிற நான் அந்த வம்புக்குள் ஏன் போக வேண்டும்? கிளினிக் என்ற சொல் அதைவிட ஆபத்தானது. மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஊசி போடுவதும் முடி நடுவதும் மருத்துவர்களின் வேலை. அழகுக்கலைஞருக்கு இந்தியாவில் மருத்துவருக்கு இருப்பதுபோல் பதிவு கட்டாயம் கிடையாது என்பதையே, எதையும் செய்யலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 'அழகு நிலையம்' என்று மட்டும் திருத்தி மறுபடி விண்ணப்பித்ததும் அந்தக் கேள்விகள் நின்றன.

ஆய்வுக்கு வந்த சுகாதார ஆய்வாளர் அரை மணி நேரம் இருந்தார். சுவரில் நான் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழ்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தலை அலசும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு வெளியே போய், அந்தத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறதா என்று குனிந்து பார்த்தார். தொட்டியின் வாயில் முடி தங்கும் சல்லடை இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. வெட்டிய முடிக்கு மூடியுள்ள கூடை, ஒருவருக்குப் பயன்படுத்திய துண்டை மற்றவருக்குப் பயன்படுத்தாமலிருக்கத் தனிக் கூடை, சீப்பும் கத்தரியும் கிருமி நீக்கும் விதம், பிளேடு ஒரு முறைதானா என்பனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நூறு ரூபாய்ச் சல்லடையை மாட்டிப் புகைப்படம் அனுப்பிய பிறகு உரிமம் வந்தது. பேக்கேஜ் முழுவதிலும் என் கடையைக் கொஞ்சமாவது மேம்படுத்தியது இந்த ஆய்வு ஒன்றுதான்.

உரிமம் கைக்கு வந்தபோது பிப்ரவரி மூன்றாவது வாரம். அதில் செல்லுபடியாகும் காலம் மார்ச் 31 வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆக, நாற்பது நாளுக்கு ஓர் உரிமம். நிதியாண்டின் கடைசியில் விண்ணப்பித்தால் இப்படி ஆகும் என்று முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருந்தால், நானும் டைல்ஸ்காரரை அவசரப்படுத்தாமல் ஏப்ரலுக்குத் திட்டமிட்டிருப்பேன்.

டிரேட்மார்க் விண்ணப்பம் பேக்கேஜில் ஓரளவு ஒழுங்காக நடந்த வேலை. அழகுப் பராமரிப்புச் சேவைகளுக்குரிய 44-ஆம் வகுப்பில் போட்டிருந்தார்கள். தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் உள்ள சிறு நிறுவனத்துக்கும் இணையவழி அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. அந்தச் சலுகையையும் சரியாகப் பயன்படுத்தினார்கள். ஒரு தெருவில் நடக்கும் கடைக்கு முதல் ஆண்டே இது தேவையா என்பது வேறு விஷயம். ஐஎஸ்ஓ சான்றிதழ் என்று கொடுத்த தங்க நிற முத்திரைத் தாளைக் கடையில் மாட்டவில்லை. யாரும் கடைக்கு வந்து எதையும் சோதிக்காமல் மூன்று நாளில் வந்த சான்றிதழை மாட்ட எனக்கே கூச்சமாக இருந்தது.

பேக்கேஜில் இல்லாததும், யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைப்பதும் இரண்டு. தமிழ்நாடு முடி திருத்துவோர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. இன்னொன்று, கடையில் பயன்படுத்தும் பொருள்கள். அழகுசாதனப் பொருள்களுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, இங்கே தயாரித்த கிரீமில் தயாரிப்பு உரிம எண்ணும், இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் லேபிள் இல்லாத முடி நேராக்கும் கிரீம் டப்பாக்களை வாங்கிவிட்டு, சுவரில் எத்தனை உரிமங்களை மாட்டி என்ன?

மதிப்பெண் என்று கேட்டால், ஐந்துக்கு ஒன்றரை கொடுப்பேன். டிரேட்மார்க்குக்கு ஒன்று, தொலைபேசியை எப்போதும் எடுத்துப் பேசியதற்கு அரை. கணக்குப் பார்த்தால், 14,500 ரூபாயில் 4,500 அரசுக்குப் போனது. மீதிப் பத்தாயிரத்தில் உத்யமும் கடைகள் சட்டமும் எஃப்எஸ்எஸ்ஏஐயும் ஐஎஸ்ஓவும் எனக்கு வேண்டாத செலவு, ஜிஎஸ்டி வேண்டாத செலவோடு வேண்டாத வேலை. தொழில் உரிமத்துக்கு அவர்கள் செய்தது விண்ணப்பத்தை நிரப்பியது மட்டுமே. அதையும் இரண்டு முறை தவறாக நிரப்பினார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐக்கும் கடைகள் சட்டப் பதிவுக்கும் வாங்கியதைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டேன். பேக்கேஜைப் பிரிக்க முடியாது, வேண்டுமானால் அடுத்த ஆண்டு உரிமப் புதுப்பித்தலில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். புதுப்பித்தலை ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையிலேயே உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் நானே செய்துவிட்டேன். இந்த முறை ரசீதில் இரண்டு கதவு எண்களும் இருக்கின்றன.